ஸ்போர்ட்ஸ் கார்க்காரனின் பதில்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு கல்லடிப் பக்கம் இரவில் கேட்கிற வாகனச் சத்தத்துக்கெல்லாம் 'ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் பணக்காரப் பொடியன்மார்'தான் காரணம் என்று வாசகர் ஒருவர் உங்கள் பத்திரிகையில் எழுதியிருந்தார். எனக்குத் தெரிந்து அந்தப் பக்கத்தில் அப்படியொரு கார் வைத்திருப்பவன் நான் ஒருவன்தான். எனக்கு வயது 52. பணக்காரனா இல்லையா என்பதை என் மனைவியிடம் கேட்டுக்கொள்ளலாம். சைலன்சரைக் கழற்றிவிட்டு ஓடும் மோட்டார் சைக்கிள்களின் சத்தம் அது.

என்னுடையது 1991ஆம் ஆண்டு மஸ்டா ரோட்ஸ்டர். ஜப்பானில் யூனோஸ் என்ற பெயரில் 1989இல் விற்கத் தொடங்கினார்களே, அந்த முதல் மாடல். இரண்டே இருக்கை, மடிக்கிற துணிக் கூரை, 1600 சிசி எஞ்சின், எடை ஆயிரம் கிலோகூட இல்லை. கொழும்புக்குப் போகிற டீசல் வான்கள் என்னை ஹோர்ன் அடித்து முந்திக்கொண்டு போகின்றன, நான் ஓரமாக ஒதுங்கி வழி விடுகிறேன். ஊருக்குள் 50, வெளியில் 70 என்று சட்டம் இருக்கிறது, ஆனால் என்னை அடக்கி வைத்திருப்பது சட்டத்தைவிட மாடுதான். இந்தக் காரில் உட்கார்ந்தால் ஏறக்குறைய தரையில் உட்கார்ந்த மாதிரி, இரவில் றோட்டில் படுத்திருக்கும் மாட்டின் முகம் என் முகத்துக்கு நேரே வரும். ஒரு தடவை அப்படிப் பார்த்தவன் பிறகு பறக்க மாட்டான்.

சரி, பிறகு எதற்கு இந்தக் கார்? எஞ்சின் முன்னால், இழுப்பது பின்சில்லு, பாரம் முன்னும் பின்னும் கிட்டத்தட்டச் சரிபாதி. அதனால் வளைவில் திருப்பும்போது கார் உங்கள் இடுப்பை மையமாக வைத்துத் திரும்புவது போலிருக்கும், 40இல் போனாலும் அது தெரியும். ஆனால் நம்முடைய ஊரில் வளைவுக்கு எங்கே போவது? கல்முனையைத் தாண்டி அக்கரைப்பற்று வரை போனாலும் தட்டை நிலம்தான். அதனால் வருடத்தில் இரண்டு மூன்று தடவை விடியற்காலையில் செங்கலடியால் திரும்பி பதுளை வீதியில் ஏறுவேன். மகா ஓயா வரை யானைக்குப் பயந்து போக வேண்டும், பிபிலை கழிந்து லுணுகலை, பசறை என்று மலை ஏறத் தொடங்கினால் கூரையை மடித்துவிட்டு, கியரை இரண்டுக்கும் மூன்றுக்கும் மாற்றி மாற்றி, ஒரு மணி நேரம் நான் வேறு ஆள்.

மிச்ச நாளெல்லாம் வேலைதான். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, இரும்பு தாங்குமா? கூரைத் தண்ணீர் வடிகிற துளை இருக்கைக்குப் பின்னால் இருக்கிறது, அதில் இலை அடைத்தால் தண்ணீர் கதவுக்குக் கீழே இறங்கி உள்ளிருந்தே துருவேற்றும். இரண்டு பக்கமும் வெட்டி ஒட்டியாயிற்று. இதன் முன்விளக்குகள் மூடிக்கிடந்து, போடும்போது மேலே எழும்புபவை. மாரியில் அதில் ஒன்று எழும்பாது, பொனட்டைத் திறந்து மோட்டரிலுள்ள குமிழைக் கையால் திருகித்தான் கிளப்ப வேண்டும், அதுவரை ஊருக்கே கண்ணடித்துக்கொண்டு நிற்கும். 2022இல் பெற்றோல் தட்டுப்பாடு வந்து, கியூஆர் கோட்டுக்கு வாரம் 20 லீற்றர் மட்டும் கிடைத்த நாட்களில் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுச் சைக்கிளில் திரிந்தேன். எலி கூரையைத் தின்றதுதான் மிச்சம். அரிசி மூட்டை ஏற்ற இடமில்லை. அம்மா ஒரே ஒரு தடவைதான் ஏறினார், இறக்குவதற்கு இரண்டு பேர் தேவைப்பட்டது. இப்போது ஓட்டோதான்.

எழுத வந்த விஷயம் வேறு. உள்வீதிகளில் புதிதாகப் போடும் வேகத்தடைகளுக்கு வெள்ளைக் கோடு அடிப்பதில்லை. வேகத்தடையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடக்கிற வீதிகள் அவை. என் காரின் அடிவயிறு தரைக்கு மேல் ஒரு சாண்கூட இல்லை, போன மாதம் சைலன்சர் பிய்ந்து தொங்கியது (அன்றைக்குச் சத்தம் என்னுடையதுதான், ஒப்புக்கொள்கிறேன்). எனக்காவது நான்கு சில்லு. இரவில் பிள்ளையை முன்னால் வைத்து மோட்டார் சைக்கிளில் வருகிற தகப்பனுக்கு? ஒரு வாளி பெயின்ற், ஒரு பிரஷ், ஒரு பின்னேரம். பொறுப்பானவர்கள் செய்யட்டும், இல்லாவிட்டால் அனுமதி தந்தால் எங்கள் ஒழுங்கைக்கு நானே அடித்துவிடுகிறேன்.

பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்கத்தான் நினைத்தேன். காரைச் சொன்ன பிறகு அதில் என்ன பயன்?

இப்படிக்கு,
கல்லடி வாசகன்