புகார்: தூசி நெபுலாவுக்கு ஏற்றது என்று சொல்லி விற்ற ஃபில்டர்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். தொலைநோக்கியில் பொருத்திய கேமராவுக்காக உங்களிடம் 2 அங்குல டூயல் பேண்ட் ஃபில்டர் (இரண்டு குறுகிய நிறப் பட்டைகளை மட்டும் விடும் கண்ணாடி) வாங்கினேன். வாங்கும் முன்பே, "ஐரிஸ் நெபுலா மாதிரி விண்வெளியில் உள்ள மங்கலான தூசி மேகங்களைப் படமெடுக்கத்தான் கேட்கிறேன், சரிப்பட்டு வருமா?" என்று எழுதிக் கேட்டிருந்தேன். "தாராளமாக எடுக்கலாம்" என்று உங்கள் விற்பனைப் பிரிவு பதில் அனுப்பியது. அந்த மின்னஞ்சலை இணைத்துள்ளேன். பெட்டியின் மேலும் அதே நெபுலாவின் படத்தைத்தான் அச்சிட்டிருக்கிறீர்கள்.

இந்த ஃபில்டர் 656 நானோமீட்டர் அலைநீளத்தில் ஹைட்ரஜன் ஒளியையும் 501-இல் ஆக்சிஜன் ஒளியையும், தலா 7 நானோமீட்டர் அகலத்துக்கு மட்டும் உள்ளே விடுகிறது. தானே ஒளிரும் வாயு நெபுலாவுக்கு அருமையான பொருள், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஐரிஸைச் சுற்றியுள்ள தூசி நட்சத்திர வெளிச்சத்தைச் சிதறடித்துத்தான் நமக்குத் தெரிகிறது. கார்த்திகைக் கூட்டத்தின் மெரோப்பி நட்சத்திரத்தைச் சூழ்ந்த நெபுலா இப்படித்தான் ஒளிர்கிறது என்பதை அமெரிக்க வானியலாளர் வெஸ்டோ ஸ்லைஃபர் 1912-லேயே நிறமாலை எடுத்துக் காட்டிவிட்டார். அந்த வெளிச்சம் எல்லா நிறத்திலும் பரவி வருவது. கண்ணுக்குத் தெரியும் 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளியில் வெறும் 14 நானோமீட்டரை விட்டுவிட்டு மீதியை அடைத்தால் தூசி எங்கிருந்து தெரியும்?

ஒரே இரவில் பாதி நேரம் ஃபில்டர் இல்லாமலும் பாதி நேரம் அதைப் போட்டும் எடுத்த படங்களை அனுப்பியிருக்கிறேன். முதல் படத்தில் நீல மையத்தைச் சுற்றிப் பழுப்புத் தூசி கிளை கிளையாகப் பிரிந்து போவதும், நட்சத்திரங்களே இல்லாததுபோல் இருண்ட பட்டைகளும் தெரிகின்றன. இரண்டாவதில் நடுவே ஒரு மங்கல் திட்டு, மற்றதெல்லாம் வெறும் புள்ளிப் புள்ளியான இரைச்சல்.

"எக்ஸ்போஷரை (ஒளியைச் சேர்க்கும் நேரத்தை) கூட்டிப் பாருங்கள்" என்கிறது உங்கள் தொழில்நுட்பப் பிரிவு. ஆனால் வானத்தை வெளுக்கச் செய்து படத்தைக் கெடுக்கும் எல்இடி தெருவிளக்கின் வெளிச்சமும் பல நிறம் கலந்ததுதான். ஃபில்டர் அதைக் குறைக்கும் அதே அளவுக்குத் தூசியின் ஒளியையும் குறைக்கிறது. அப்புறம் எவ்வளவு நேரம் எடுத்தாலும் ஆதாயம் ஏது? தூசிக்கு வேண்டியது இருண்ட வானமும், ஃபில்டர் இல்லாமல் சேர்த்த பல மணி நேரப் படங்களும்தான். இதைக் கேட்டபோதே சொல்லியிருக்க வேண்டும்.

பெட்டியைப் பிரித்துவிட்டதால் திரும்ப எடுக்க முடியாது என்கிறீர்கள். பிரிக்காமல் இதைச் சோதிக்க வழியில்லை. ஃபில்டரைப் பெற்றுக்கொண்டு முழுத் தொகையையும் திருப்பித் தாருங்கள். பெட்டியிலிருந்தும் விளம்பரத்திலிருந்தும் ஐரிஸ் படத்தை நீக்குங்கள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் அந்தப் படத்தை நம்பித்தான் வாங்குகிறார்கள்.

ரசீது நகலும் இணைப்பில் உள்ளது. எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்