கால் ஆணி என்று நான் சொன்ன பொய்

அம்மாடி,

போனில் நீ கோபப்பட்டது நியாயம்தான். காலில் ஆணி எடுத்தார்கள், சின்ன விஷயம் என்று 2 மாதமாக உன்னிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது ஆணி இல்லை, மெலனோமா. தோலுக்கு நிறம் கொடுக்கிற செல்களில் வரும் புற்றுநோய். முழுசாக எடுத்துவிட்டார்கள், அதை முதலில் மனதில் போட்டுக்கொண்டு மீதியைப் படி. போனில் சொன்னால் நீ அழுவாய், நான் உளறுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

இடது குதிகாலில் ஒரு கருப்புத் திட்டு. எப்போது வந்தது என்று எனக்கே தெரியாது, உள்ளங்காலை யார் உட்கார்ந்து பார்க்கிறார்கள்? கால் நீட்டிப் படுத்திருந்தபோது அம்மாதான் கவனித்தாள். செருப்பு உரசி ரத்தம் கட்டியிருக்கும் என்றேன். அப்புறம் நானே கால் ஆணி என்று முடிவு கட்டி, மருந்துக் கடையில் பிளாஸ்டர் வாங்கி ஒட்டி 5 மாதத்தை வீணடித்தேன். ரத்தக்கட்டு என்றால் தோல் உதிர்ந்து வளர வளர சில வாரங்களில் மறைந்திருக்க வேண்டும். இது மறையவில்லை, ஒரு பக்கமாக மட்டும் பரவியது, ஓரமெல்லாம் ஈரத்தாளில் மை ஊறின மாதிரி, நடுவில் கருப்பு, விளிம்பில் வெளிறிய பழுப்பு.

வேடிக்கை என்னவென்றால், தோல் மருத்துவரிடம் போனதே அதற்காக இல்லை. என் முதுகில் மெழுகை உருக்கி ஒட்டினமாதிரி கருப்பாக நாலைந்து இருக்குமே, அதுதான் என் பயம். அவர் பார்த்துவிட்டு, வயதானால் வருகிற சாதாரண தோல் தடிப்பு, கழுத்து மருவும் வயிற்றில் இருக்கும் சிவப்புப் பொட்டுகளும் அப்படித்தான், விட்டுவிடுங்கள் என்றார். கிளம்பும்போது அம்மா, “அந்தக் காலையும் காட்டுங்களேன்” என்றாள். அந்த ஒரு வாக்கியத்தால்தான் இன்று இதை எழுதுகிறேன்.

டெர்மாஸ்கோப் என்று ஒரு லென்ஸ், விளக்கு வைத்தது, 10 மடங்கு பெரிதாகக் காட்டும். உள்ளங்காலில் ரேகை ஓடுகிறது இல்லையா, சாதாரண மச்சத்தின் நிறம் பெரும்பாலும் அந்த ரேகைப் பள்ளங்களில் ஓடுமாம், மெலனோமாவில் மேடுகளில் ஓடும். என்னுடையது மேட்டில். அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

திட்டை முழுசாக, சுற்றி 2 மில்லிமீட்டர் நல்ல தோலோடு வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பயாப்சி செய்தால் கத்தி பட்டுப் பரவிவிடும் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்தினார்கள், அது வெறும் கட்டுக்கதை. ரிப்போர்ட்டில் முக்கியமாகப் பார்ப்பது ஆழத்தை. எனக்கு 0.6 மில்லிமீட்டர், புண்ணும் இல்லை. 0.8-ஐ எட்டியிருந்தால், பரவியிருக்கிறதா என்று தொடை இடுக்கில் நிணநீர் முடிச்சையும் எடுத்துப் பார்ப்பதைப் பற்றிப் பேச வேண்டியிருந்திருக்கும். ஒரு கடுகின் பருமன்கூட இல்லாத வித்தியாசம்! அப்புறம் இரண்டாவது முறை சுற்றி 1 சென்டிமீட்டர் எடுத்து, தொடையிலிருந்து தோல் எடுத்து வைத்தார்கள். கீமோ எதுவும் இல்லை. தொடை எரிச்சல்தான் குதிகாலைவிடப் படுத்தியது.

நம் மாதிரி மாநிறக்காரர்களுக்கு மெலனோமா அபூர்வம். ஆனால் வந்தால் வெயிலே படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில் என்று வருவதுதான் அதிகம். கல்லூரியில் உன் அறைச் சுவரில் பாடகர் பாப் மார்லி படம் ஒட்டியிருந்தாயே, அவருக்கும் கால் கட்டைவிரல் நகத்தடியில்தான். 1977-ல் கண்டுபிடித்தார்கள், 1981-ல் 36 வயதில் போய்விட்டார். பந்து விளையாடி அடிபட்டது என்றுதான் முதலில் நினைத்தார்களாம். எனக்குச் செருப்பு, அவருக்குப் பந்து.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். பெற்றவர்களுக்கோ கூடப் பிறந்தவர்களுக்கோ வந்திருந்தால் மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வாய்ப்பு. அடிப்படையே மிகக் குறைவு என்பதால் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே, ஆனால் ஒரு தடவை தோல் மருத்துவரிடம் முழுசாகக் காட்டிவிடு. உன் தோளில் பிறந்ததிலிருந்து இருக்கும் மச்சத்தைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, அது மாறாதவரை. மெலனோமா பெரும்பாலும் பழைய மச்சத்தில் தொடங்குவதில்லை, வெறும் தோலில் புதிதாக வருகிறது. இரு பாதி ஒன்றுபோல் இல்லாதது, ஓரம் சிதறியது, பல நிறம், 6 மில்லிமீட்டருக்கு மேல் என்றெல்லாம் அடையாளம் சொல்வார்கள், ஆனால் எங்கள் மருத்துவர் அழுத்திச் சொன்னது இரண்டுதான்: மாறிக்கொண்டே இருப்பது, மற்ற மச்சங்களோடு சேராமல் தனியாகத் தெரிவது. நிறமே இல்லாமல் இளஞ்சிவப்பாகக்கூட வரும். பல நகங்களில் மெல்லிய கருங்கோடு இருந்தால் அது நம் நிறத்துக்குச் சகஜம். ஒரே நகத்தில் கோடு அகலமாகி, நகத்தைத் தாண்டித் தோலில் கருமை இறங்கினால் உடனே போ.

இன்னொன்று. கன்னத்து மச்சத்தை லேசரில் எடுக்கப் போவதாகச் சொன்னாய். அழகுக்காக எடுப்பது உன் இஷ்டம், ஆனால் முதலில் தோல் மருத்துவர் லென்ஸ் வைத்துப் பார்த்து, வெறும் மச்சம்தான் என்று சொல்லட்டும். சந்தேகம் இருந்தால் வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல். லேசரில் பொசுக்கிவிட்டால் மைக்ரோஸ்கோப்பில் வைக்க எதுவும் மிஞ்சாது.

இன்று குளித்ததும் இரண்டு உள்ளங்காலையும் போட்டோ எடு, பக்கத்தில் ஒரு ஸ்கேலை வை. அம்மாவுக்கே அனுப்பு, என்னைவிட அவள் கண் நல்ல கண். எனக்கு அடுத்த செக்கப் 14-ம் தேதி. இந்தத் தடவை வெளியே வந்ததும் முதல் போன் உனக்குத்தான்.

அப்பா