சீட்டில் மடித்துப் போட்ட சாக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

கிடங்கு விபத்துகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சரக்கைத் தூக்கி நகர்த்தும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி கவிழ்வது, ஆள்மேல் ஏறுவது எல்லாம் விவரமாக இருந்தது. காரணம் மட்டும் 'ஓட்டுநரின் கவனக்குறைவு' என்று ஒரே சொல்லில் முடிந்துவிட்டது. பதினேழு வருடமாக அந்த சீட்டில் உட்கார்ந்திருப்பவன் என்பதால் எழுதுகிறேன்.

காரில் இருப்பதுபோல் சஸ்பென்ஷன் இந்த வண்டியில் கிடையாது. டயரும் பெரும்பாலும் கெட்டி ரப்பர்தான். தரையில் உள்ள ஒவ்வொரு வெடிப்பும், கன்டெய்னருக்குள் ஏறும்போது வரும் இரும்புத் தகடும் நேராக இடுப்பில் வந்து இடிக்கும். அதைத் தாங்குவதற்கென்று இருப்பது சீட் ஒன்றுதான். உட்காருகிறவர் எடைக்குத் தக்கபடி திருகி வைக்க அதில் ஒரு குமிழ் உண்டு. எனக்கு வாய்த்த வண்டியில் அந்தக் குமிழ் சும்மா சுற்றுகிறது, பிடிப்பதில்லை. சாக்கை நாலாக மடித்துப் போட்டு உட்காருகிறேன். பிரேக் சரியில்லை என்று எழுதினால் அன்றைக்கே மெக்கானிக் வந்துவிடுவார். அதில் குறை சொல்ல முடியாது. சீட்டைப் பற்றி மூன்று தடவை எழுதியும், "வண்டி ஓடுதுல்ல?" என்பதுதான் பதில்.

இதற்கு அளவுகோல் இல்லாமல் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002-ஆம் ஆண்டு அதிர்வு விதிப்படி, எட்டு மணி நேர வேலைக்குக் கணக்கிட்ட உடல் அதிர்வு 0.5 மீ/வி² தாண்டினால் நிர்வாகம் அதைக் குறைக்க வழி செய்யவேண்டும், 1.15-ஐத் தாண்டவே கூடாது. எங்கள் கிடங்கில் அளந்து பார்க்க இதுவரை யாரும் வந்ததில்லை.

அடுத்தது கழுத்து. லோடு உயரமாக இருந்தால் முன்னால் ஒன்றும் தெரியாது, ரிவர்ஸில்தான் போகவேண்டும். பாதுகாப்பு முறையும் அதுதான். இடது கை ஸ்டீயரிங் குமிழில், வலது கை பின்தூணில், தலை தோளுக்கு மேலே திரும்பியபடி ஷிப்டில் பாதி நேரம் போகிறது. வீட்டில் பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் இப்போது முழு உடம்போடு திரும்புகிறேன். "அப்பா ரிவர்ஸ் எடுக்கிறார்" என்று மகள் சிரிக்கிறாள்.

ஏழாவது மணி நேரத்தில் இந்தக் கழுத்து முழுதாகத் திரும்பாது. கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்துவிட்டு வண்டியை எடுத்துவிடுவோம். ஸ்டீயரிங்குக்குத் திரும்புவது பின்சக்கரம் என்பதால் திருப்பும்போது வண்டியின் பின்பக்கம் அகலமாக வீசும். அங்கே ஓர் ஆள் நின்றால் முடிந்தது. சீட் பெல்ட் கதையும் இப்படித்தான். வண்டி சாய்ந்தால் குதிக்கக் கூடாது, பெல்ட் போட்டு உள்ளேயே இருக்கவேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் மணிக்கு இத்தனை பேலட் (சரக்கு அடுக்கிய பலகை) என்று கணக்கு வைத்துவிட்டு, லேபிள் பார்க்க நிமிடத்துக்கு ஒருமுறை இறங்கி ஏறச் சொன்னால் யார் பெல்ட் மாட்டுவார்கள்? நானே பல நாள் மாட்டியதில்லை.

அடுத்த முறை விபத்து நடந்த இடத்துக்குப் போகும் உங்கள் நிருபர், அந்த வண்டியின் சீட்டையும் ஒருதரம் அழுத்திப் பார்க்கட்டும். அன்று அந்த ஆப்பரேட்டர் எத்தனையாவது மணி நேரத்தில் இருந்தார் என்றும் கேட்டு எழுதட்டும்.

இப்படிக்கு,
ஒரு ஃபோர்க்லிஃப்ட் ஆப்பரேட்டர்