எதிராளி வேறு, எதிரி வேறு

அம்மிணி,

டீம் லீடர் பதவிக்கு நீயும் அந்தப் பொண்ணும்தான் மிச்சம் என்று போனில் சொன்னாய், சரி. ஆனால் பேச்சு முழுக்க அவளை "என் எதிரி, என் எதிரி" என்றாயே, அது ரொம்பப் பெரிய வார்த்தை. தமிழ்நாட்டுப் பக்கம் போலீஸ் கேஸில் குற்றம் சாட்டப்பட்டவனைத்தான் முதல் எதிரி, இரண்டாம் எதிரி என்று எழுதுவார்கள். இங்கே கேரளாவில், நம்ம கொழிஞ்சாம்பாறையில், அதே ஆள் மலையாளத்தில் ஒன்றாம் பிரதி. (கல்யாணமாகி வந்த புதிதில் உன் அம்மா பேப்பரில் 'பிரதி பிடியில்' என்று பார்த்துவிட்டு, ஜெராக்ஸ் காப்பியை எதுக்குங்க பிடிக்கிறாங்க என்று கேட்டாள்.)

உன் ஆபீஸ் பொண்ணு எதிராளி. செஸ் பலகைக்கு அந்தப் பக்கம் உட்காருகிறவன், கபடிக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவன், வரப்புத் தகராறில் எதிர் வக்கீல் வைத்தவன், எல்லாருக்கும் அதுதான் பேர். ஆட்டமோ கேஸோ முடிந்தால் அந்தப் பேரும் முடிந்தது. மலையாளத்திலும் இதே சொல், இதே அர்த்தம், அதனால் கொச்சியில் தாராளமாகச் சொல்லலாம். போட்டியாளர் என்பது டிவிக்காரர்கள் பேசுவது, வீட்டில் யார் அப்படிப் பேசுகிறார்கள்?

பங்காளியில்தான் ஜாக்கிரதை. மலையாளத்தில் அது கூட்டாளி, கட்டினவளைக்கூட ஜீவித பங்காளி என்பார்கள். நம்மிடம் அது சொத்தில் பங்குள்ள அண்ணன் தம்பி வகையறா. வாய் நிறைய "வாங்க பங்காளி" என்போம், ஆனால் அவன் டிராக்டர் வாங்கினால் நமக்கு வருகிற வயிற்றெரிச்சலுக்குப் பேர் பங்காளிக் காய்ச்சல்.

எனக்கும் உன் பொள்ளாச்சி மாமனுக்கும் நடக்கிறதை நீ பார்த்தவள்தானே. 1970-இல் கையெழுத்தான பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு தடுப்பணையில் தமிழ்நாடு கேரளாவுக்கு வருஷம் 7.25 டிஎம்சி விடவேண்டும், கோடையில் நம்ம வாய்க்கால் காய்ந்தால் நான் அந்தக் கணக்கைச் சொல்லிக் கத்துவேன், ஆழியாற்றுத் தண்ணியில் தென்னை வைத்திருக்கிற அவன் "எங்களுக்கே இல்லைங்க மச்சான், உங்களுக்கு எங்கிருந்து விடறது" என்று பதிலுக்குக் கத்துவான். கத்தி முடித்ததும் அரிவாளை எடுத்துக்கொண்டு போய் இளநீர் வெட்டி வருவான். இது எங்க தண்ணிடா என்று சொல்லாமல் நான் குடித்ததில்லை, அவனும் "அப்ப நாளைக்கும் வாங்க" என்பான். அவனை எதிரி என்றால் உன் அம்மா எனக்குச் சோறு போடமாட்டாள்.

அப்புறம், அவள் போட்ட பிரசன்டேஷன் நன்றாக இருந்தது என்று நீயே சொன்னாய். அதை எங்களிடம் சொல்லி என்ன பிரயோஜனம், அவளிடம் சொல். மாற்றான் தோட்டத்து மல்லிகைக்கும் மணம் உண்டு என்று அண்ணா சொன்னது கட்சிக்காரர்களுக்கு மட்டுமா?

அந்தப் பொண்ணுக்கு எந்த ஊர்? பாலக்காட்டுப் பக்கம் என்றால் அடுத்த லீவுக்கு வரும்போது வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வா. பதவி யாருக்குக் கிடைத்தாலும் சரி.

அப்பா