கண்ணை மூடிக் கேட்டபோது நன்றாக இருந்தது

அன்புள்ள மாப்ளே,

தனித்தனி ஒலிக் கருவிகளைக் கேபிளால் இணைத்து வாசிக்கும் உன் மாடுலர் சிந்தசைசர் இசைக்கு நீயே படமும் சேர்த்து அனுப்பிய காணொளியை நாலு தடவை பார்த்தேன். அப்புறம் திரையை அணைத்துவிட்டு ஹெட்போனில் ஒலியை மட்டும் இரண்டு தடவை கேட்டேன். கண்ணை மூடிக் கேட்டபோதுதான் உன் இசை முழுசாக இருந்தது. இதைப் போனில் சொன்னால் ‘சரி மாமா’ என்று முடித்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். பொதுவில் எழுதுவதற்குக் காரணம், இதே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும் பிள்ளைகள் வேறு சிலரும் எனக்குத் தெரியும்.

ஒலியில் எனக்குக் குறையே இல்லை. ஒலியின் கூர்மையை அடைத்துவைக்கும் ஃபில்டரை மெல்ல மெல்லத் திறந்துகொண்டே போய், இதோ முழுசாகத் திறக்கப்போகிறது என்று நான் காத்திருக்கும்போது மூடிவிட்டாய் பார், அந்த இடத்தில் உடம்பு சிலிர்த்தது. ஆறு மாட்யூலையும் அவற்றை இணைக்கும் பத்துப் பேட்ச் கேபிளையும் வைத்துக்கொண்டு இதைச் செய்திருக்கிறாய்.

படத்துக்கு வருகிறேன். கிக் டிரம் விழும்போதெல்லாம் வெள்ளை வட்டம் பளிச்சிடுகிறது. பேஸ் ஏறினால் திரை சிவக்கிறது. பத்து விநாடியில் கண் இந்தக் கணக்கைப் பிடித்துவிடுகிறது. அதற்குப் பிறகு படத்திடம் சொல்ல எதுவும் மிச்சமில்லை. காது கேட்டதையே கண்ணுக்கு இன்னொரு தடவை ஒப்பித்துக்கொண்டு இருக்கிறது. உன் ஃபில்டர் அவ்வளவு பொறுமையாகத் திறக்கும் நேரத்தில் அந்த வட்டம் குறுக்கே வந்து வந்து கண்ணைக் கொத்துகிறது.

சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய, மின் அலையைத் திரையில் கோடாகக் காட்டும் பழைய ஆசிலோஸ்கோப் ஞாபகம் இருக்கிறதா? சின்ன வயதில் அதன் குமிழ்களைத் திருகி விளையாடுவாய். அதை எக்ஸ்-ஒய் முறைக்கு மாற்றினால் ஒரு ஒலி பச்சைப் புள்ளியைப் பக்கவாட்டில் இழுக்கும், இன்னொரு ஒலி மேலும் கீழும் இழுக்கும். ஒரு பக்கம் 110 ஹெர்ட்ஸில் சட்ஜம், மறுபக்கம் 165இல் பஞ்சமம் கொடு. இரண்டும் சைன் அலை, வேறெதுவும் கலக்காத ஒற்றை ஒலி. மூன்றுக்கு இரண்டு என்று சுத்தமாகச் சேர்ந்துவிட்டால், சிக்கெடுத்துப் பின்னிய கயிறு மாதிரி ஓர் உருவம் அசையாமல் நிற்கும். கீபோர்டு கொடுக்கும் பஞ்சமமோ 164.81தான். அதைக் கொடுத்துப் பார், அதே உருவம் சுழல ஆரம்பிக்கும், சுமார் 2.7 விநாடிக்கு ஒரு சுற்று. தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பவர்கள் காதால் பிடிக்கிற நூலிழை வித்தியாசம் அது. ஒலியை உண்டாக்கும் அனலாக் ஆசிலேட்டர் சூடு ஏற ஏறத் தானாகவே கொஞ்சம் நகரும் என்பதால், நின்ற உருவமும் வெகுநேரம் நிற்காது. நான் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு அது நகரத் தொடங்கும் நொடிக்காக உட்கார்ந்திருப்பேன்.

இன்னொன்று. ஒரு சைன் அலையை இரண்டாகப் பிரித்து, ஒன்றை நேராக எக்ஸுக்கும் மற்றதை, அலையின் உச்சியை மடித்துவிடும் வேவ்ஃபோல்டர் வழியாக ஒய்க்கும் அனுப்பு. முதலில் சாய்ந்த ஒரு நேர்கோடு தெரியும். ஃபோல்டர் குமிழைத் திருகத் திருக அந்தக் கோட்டில் மடிப்பு விழும், இரண்டு, நான்கு, ஆறு என்று. ஒவ்வொரு மடிப்போடும் ஒலியில் புதுக் கூர்மை ஏறும். இங்கே படம் ஒலியைப் பார்த்து ஆடவில்லை. ஒரே வோல்டேஜ்தான், அது ஒரு வழியில் ஸ்பீக்கருக்குப் போகிறது, இன்னொரு வழியில் திரைக்குப் போகிறது.

இதற்கு நேர் எதிரான வழியும் உண்டு. 1960களில் மார்ட்டன் சபாட்னிக், ரமோன் செண்டர் என்ற இசையமைப்பாளர்கள் நடத்திய சான் பிரான்சிஸ்கோ டேப் மியூசிக் சென்டர் என்ற மின்னணு இசைக் கூடத்தைப் பற்றி உன்னிடம் பேசியிருக்கிறேன். அவர்கள் கேட்டுத்தான் டான் புக்லா என்ற கருவி வடிவமைப்பாளர் தன் முதல் மாடுலரைக் கட்டினார். அதற்கு 500 டாலர் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் நிதியிலிருந்து வந்தது. அங்கே படங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் டோனி மார்ட்டின் என்ற ஓவியர். ஓவர்ஹெட் புரொஜெக்டர் மேல் கண்ணாடித் தட்டை வைத்து, அதில் எண்ணெயும் தண்ணீரும் சாயமும் விட்டு, கண்ணாடியில் கையால் தீட்டிய ஸ்லைடுகளையும் சேர்த்து, கச்சேரி நடக்க நடக்கவே படம் செய்வார். புக்லாவின் பெட்டிக்கும் அந்தத் தட்டுக்கும் நடுவே ஒரு கேபிள்கூடக் கிடையாது. இருந்தது அவருடைய காதும் கையும்தான். மாடுலர் பிறந்த வீட்டிலேயே படம் தனி ஆளாக இருந்தது என்பது எனக்கு இன்றைக்கும் பெரிய தைரியம்.

ஆக, ஒன்று இரண்டும் ஒரே வோல்டேஜாக இருக்கட்டும், இல்லை தனித்தனி ஆட்களாக ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளட்டும். உன் வட்டம் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது என்று நினைக்கிறேன்.

உன் சாமான்களை வைத்தே ஒரு காரியம் செய்யலாம். காதுக்குக் கேட்காத மெதுவான அலையைத் தரும் எல்எஃப்ஓவை 40 விநாடிக்கு ஒரு சுற்று என்று மெதுவாக்கி இரண்டாகப் பிரி. ஒரு கிளை ஃபில்டருக்கு. இன்னொரு கிளையைத் தலைகீழாக்கி, மாற்றத்தைத் தாமதமாக்கும் ஸ்லூ மாட்யூல் வழியாகப் படத்துக்கு. ஒலி திறக்கும்போது படம் மங்கும், அதுவும் கொஞ்சம் பிந்தி. கம்ப்யூட்டருக்குள் வோல்டேஜை எடுப்பதென்றால் அசையாமல் நிற்கும் வோல்டேஜையும் உள்ளே விடும் டிசி-கப்பிள்டு இன்டர்ஃபேஸாக இருக்க வேண்டும். சாதாரண ஆடியோ கார்டு இவ்வளவு மெதுவான அசைவை உள்ளேயே விடாது. நான் இது தெரியாமல் ஒரு வாரம் கேபிளை மாற்றி மாற்றிப் பார்த்தேன். கிக்குக்குப் படத்தில் எதுவும் வேண்டாம். அது காதுக்கு மட்டும் இருக்கட்டும்.

செய்யும்போது பேட்சை, அதாவது கேபிள் போட்ட விதத்தை, போட்டோ எடுத்துவை, ஒவ்வொரு குமிழும் எங்கே நிற்கிறது என்று தாளில் எழுதியும் வை. பிடுங்கிய பேட்ச் திரும்ப வராது. எனக்கு ரொம்பப் பிடித்த ஒன்றை அப்படித்தான் தொலைத்தேன். அதன் ஒலிப்பதிவு மட்டும் இருக்கிறது, பழையபடி வரவழைக்க இன்னும் முடியவில்லை.

பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வா. ஸ்கோப்பைத் தூசி தட்டி வைக்கிறேன். உன் பெட்டியின் 3.5 மில்லிமீட்டர் பிளக்கிலிருந்து ஸ்கோப்பின் பிஎன்சி சாக்கெட்டுக்கு மாற்றும் இணைப்பு என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது, இரண்டு வேண்டும்; நீ ஒன்று வாங்கி வந்துவிடு. நான் வருவதற்குள் நீயே ஆன் செய்தால் வெளிச்சக் குமிழைக் குறைத்து வைத்துக்கொள். ஒலி இல்லாதபோது புள்ளி ஒரே இடத்தில் நின்று திரையைப் பொசுக்கிவிடும்.

அன்புடன்,
மாமா