சின்சில்லா என்று விற்ற வரிப்பூனை: ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்:
ரசீதில் பெயர் உள்ள வாடிக்கையாளர்,
கோயம்புத்தூர்.

பெறுநர்:
மேலாளர்,
வளர்ப்புப் பிராணி விற்பனை நிறுவனம்,
சென்னை.

பொருள்: 'சின்சில்லா சில்வர் பெர்சியன்' என்று விற்கப்பட்ட ஆண் குட்டியின் நிறமும் வம்சச் சான்றிதழும் பொய்யாக இருப்பது, கூடுதலாக வாங்கிய பணத்தைத் திருப்பித் தரக் கோருவது.

ஐயா / அம்மா,

வணக்கம். கடந்த டிசம்பரில் உங்கள் கடையில் 55,000 ரூபாய் கொடுத்து மூன்று மாத பெர்சியன் இனப் பூனையின் ஆண் குட்டி ஒன்று வாங்கினேன். ரசீதில் உங்கள் ஆள் கைப்பட எழுதிக் கொடுத்தது இது: 'சின்சில்லா சில்வர், செமி பஞ்ச், வித் பேப்பர்.' அதாவது நுனி மட்டும் கறுத்த வெள்ளி நிற முடி, பாதி சப்பை மூக்கு, கூடவே வம்சச் சான்றிதழ். அன்று பக்கத்துக் கூண்டிலேயே டால் ஃபேஸ் சில்வர் டேபி குட்டிகள் (மூக்கு சப்பையில்லாத, வெள்ளி நிறத்தில் வரி போட்டவை) 18,000 ரூபாய்க்கு இருந்தன. வித்தியாசம் 37,000. இந்தக் கடிதம் அந்த 37,000 ரூபாயைப் பற்றியது. பூனை மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. பஞ்சு என்று பெயர் வைத்திருக்கிறோம், நன்றாகச் சாப்பிடுகிறான்.

வாங்கும்போதே அவன் கால்களிலும் நெற்றியிலும் கோடுகள் தெரிந்தன. கேட்டேன். "வளர வளரப் போயிடும் மேடம்" என்றார் உங்கள் விற்பனையாளர். அதில் பாதி உண்மை இருப்பதால்தான் நம்பினேன். சின்சில்லா குட்டிகளும் பிறக்கும்போது கோடுகளோடுதான் பிறக்கின்றன, சில வாரங்களில் அவை மங்கிவிடும். ஆனால் மூன்று மாதத்தில் இவ்வளவு அழுத்தமாக இருந்தவை அதன் பிறகு மங்கவில்லை, தடித்தன. இப்போது நெற்றியில் தெளிவாக ஒரு குறி. ஆங்கில 'எம்' எழுத்து என்று புத்தகங்களில் சொல்வார்கள். என் மாமியார் அதை நாமம் என்கிறார். பூனைக்குப் பிறவியிலேயே போட்ட நாமம், எனக்கு உங்கள் கடையில் போட்டது.

அப்புறம், வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் அவனைக் குளிப்பாட்டினேன். பிளாஸ்டிக் டப்பில் இருந்த தண்ணீர் அரிசி களைந்த கழனி போல வெளுத்துவிட்டது. துவட்டிப் பார்த்தால் முதுகில் சாம்பல் நிறக் கோடுகள். அதாவது நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் அத்தனை வெள்ளையாக ஜொலித்தது முடி அல்ல, பவுடர்.

போன மாதம் சென்னையில் நடந்த பூனைக் கண்காட்சிக்கு அவனைக் கொண்டுபோனேன். பரிசு ஆசையில் இல்லை, விவரம் தெரிந்தவர் ஒருவர் கையில் எடுத்துப் பார்க்கட்டும் என்றுதான். நடுவர் அவனை மேஜையில் நிறுத்தி, முதலில் முதுகு முடியை எதிர்த்திசையில் ஊதினார். பிறகு இரண்டு கட்டைவிரலாலும் வகிடு எடுப்பதுபோல் பிரித்து அடி வரை பார்த்தார். சின்சில்லாவுக்கு ஒவ்வொரு முடியும் வேரிலிருந்து வெள்ளையாக வந்து, நுனியில் சுமார் எட்டில் ஒரு பங்கு மட்டும் கறுப்புத் தொட்டிருக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கு வரை இறங்கினால் அது 'ஷேடட்', வேறு ரகம். பஞ்சுவின் கோடுகளில் கறுப்பு ஏறக்குறைய வேர் வரை போகிறது. அடியில் வெள்ளை இல்லை, சாம்பல். வாலைக் கையில் ஏந்தி வளையங்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக் காட்டினார். கழுத்தில் அட்டிகை போல உடையாத வரி ஒன்று, முன்னங்காலில் வளையல் போல வரிகள். 'சில்வர் டேபி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மொத்தம் மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. உங்கள் கடையில் யாருக்காவது இது தெரியாது என்றால் நம்ப முடியவில்லை.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். சின்சில்லா என்ற பெயர் ஆண்டிஸ் மலையில் வாழும், கொறித்துத் தின்னும் இனத்தைச் சேர்ந்த ஒரு சிறு விலங்கிடமிருந்து வந்தது. அந்த விலங்கின் முடி அடியில் சாம்பல்தான். அந்தக் கணக்கில் பார்த்தால் என் பூனை அதற்கு இன்னும் நெருக்கம் என்று நீங்கள் வாதாடலாம். பூனை நடுவர்கள் அதை ஏற்கமாட்டார்கள்.

கண்ணுக்கு வருகிறேன். "மை போட்ட கண்ணு பாருங்க, அதான் சின்சில்லா" என்றார் உங்கள் ஆள். அந்தக் கறுப்பு விளிம்பு சில்வர் டேபிக்கும் உண்டு. பார்க்க வேண்டியது விளிம்பை அல்ல, விழியின் நிறத்தை. உங்கள் விளம்பரத்திலேயே 'சி.எஃப்.ஏ. தரம்' என்று போட்டிருக்கிறீர்கள். சரி, அந்த அமெரிக்கப் பூனை அமைப்பின் அளவுகோலையே எடுத்துக்கொள்வோம். பெர்சியனுக்கு நூறு மதிப்பெண்ணில் தலைக்கு 30, உடலுக்கு 20, மேல்நிறத்துக்கு 20, கண் நிறத்துக்குத் தனியாக 10. சின்சில்லா என்றால் கண் பச்சையாகவோ நீலப்பச்சையாகவோ இருக்க வேண்டும், தாமிர நிறமோ மஞ்சளோ ஆகாது. பஞ்சுவின் கண் நல்ல தேன் நிறம். அழகுதான், ஆனால் நீங்கள் பணம் வாங்கிய நிறம் அது இல்லை.

'செமி பஞ்ச்' விஷயத்தில் நான் சண்டை போடப் போவதில்லை. அந்தச் சொல் எந்த அளவுகோலிலும் இல்லை, கடை பாஷை. அளவுகோல் கேட்பது, மூக்கின் மடிப்பு இரண்டு கண்களுக்கும் நடுவில் இருக்க வேண்டும், பக்கவாட்டில் பார்த்தால் நெற்றி, மூக்கு, தாடை மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் நிற்க வேண்டும் என்பது. பஞ்சுவுக்கு மூக்கு கொஞ்சம் நீளம். அதனால் அவன் குறட்டை விடாமல் தூங்குகிறான், கண்ணீர் வழிந்து முகம் கறைபடுவதில்லை. இந்த ஒரு ஏமாற்றத்துக்கு உங்களுக்கு நன்றிகூடச் சொல்லலாம்.

ஆனால் சான்றிதழை விடமாட்டேன். நீங்கள் உறையில் போட்டுக் கொடுத்த வம்சத்தாளில் தாயும் தந்தையும் 'ப்ளூ' என்று இருக்கிறது. பூனைக்காரர் பேச்சில் ப்ளூ என்றால் உடம்பு முழுக்க ஒரே சாம்பல். அது நீர்த்துப்போன கறுப்பு. அந்த நீர்க்கும் மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் குட்டி ப்ளூ ஆகும். ஆகவே ப்ளூவும் ப்ளூவும் சேர்ந்தால் அசல் கறுப்பு உள்ள குட்டி பிறக்காது. பஞ்சுவின் கோடுகள் கறுப்பு, உள்ளங்கால் கறுப்பு, கண் விளிம்பும் கறுப்பு. அதோடு, வரியே இல்லாத இரண்டு ப்ளூக்களுக்கு வரிக்குட்டியும் பிறக்காது. அந்தத் தாள் சொல்லும் பெற்றோருக்கு இவன் பிள்ளையாக இருக்க வழியே இல்லை. வேறு எந்தக் குட்டியின் தாளையோ என் உறையில் போட்டிருக்கிறீர்கள். அந்தக் குட்டியை வாங்கியவர் கையில் யாருடைய தாள் இருக்கிறதோ!

(அன்றே எனக்கு உறைத்திருக்க வேண்டும். அதே விற்பனையாளர் முதலில் எனக்கு ஒரு 'ட்ரை கலர் ஆண்' குட்டியைக் காட்டினார். மூவண்ணப் பூனை ஆணாகப் பிறப்பது அபூர்வத்திலும் அபூர்வம். வாலைத் தூக்கிப் பார்த்தேன், பெண்.)

வாங்கும் முன் பெற்றோரின் பி.கே.டி. சோதனை முடிவையும் கேட்டிருந்தேன். பெர்சியன்களுக்குப் பரம்பரையாக வரும் சிறுநீரக நீர்க்கட்டி நோய் அது, பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். நீங்கள் கொடுத்தது குடற்பூச்சி மருந்து கொடுத்ததற்கான அட்டை. இங்கே கால்நடை மருத்துவரிடம் காட்டி ஸ்கேன் எடுத்தோம். சிறுநீரகம் இரண்டும் சுத்தம். அந்த 1,800 ரூபாயை உங்களிடம் கேட்கவில்லை.

கேட்பது இவ்வளவுதான். 37,000 ரூபாயை என் வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள். பஞ்சுவின் உண்மையான பெற்றோர் விவரம் இருந்தால் அந்தத் தாளைக் கொடுங்கள், இல்லையென்றால் 'வம்சச் சான்று இல்லை' என்று எழுத்தில் கொடுங்கள். உங்கள் மாநில விலங்கு நல வாரியப் பதிவு எண்ணையும் தெரிவியுங்கள், ரசீதில் அது இல்லை. 'வேறு குட்டி மாற்றித் தருகிறோம்' என்று தொலைபேசியில் இரண்டு முறை சொல்லிவிட்டீர்கள். மிக்சி மாற்றுவதுபோல் மாற்றுகிற விஷயமா இது? தயவுசெய்து மூன்றாவது முறை சொல்லாதீர்கள், என் மகள் அந்த அழைப்பைக் கேட்டு ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை.

கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பதில் வராவிட்டால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் மனு கொடுப்பேன். நான் குடியிருக்கும் கோவையிலேயே கொடுக்கலாம், 5 லட்சம் வரைக்கும் கட்டணமும் கிடையாது. சென்னையிலிருந்து வந்துபோகும் செலவு உங்களுடையது.

இப்படிக்கு,
பஞ்சுவின் வீட்டுக்காரி

இணைப்பு: ரசீது நகல், வம்சத்தாள் நகல், நடுவரின் மதிப்பீட்டுத் தாள் நகல், நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம், நான் நேற்று எடுத்த படம், சீப்பில் வந்த முடி கொஞ்சம் (சிறு கவரில் உள்ளது, வெள்ளைத் தாள் மேல் வைத்துப் பார்க்கவும்).