எலான்கூர் பஞ்சரும் 2024 சைக்கிள் வருடமும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. “மலைப்பாதைச் சைக்கிளில் காற்றை அவ்வளவு குறைத்து வைப்பதால்தானே பஞ்சர் ஆகிறது? கொஞ்சம் கூட்டி வைத்தால் என்ன?” என்று கேட்டிருக்கிறாய். பாரிஸ் ஒலிம்பிக் மலைப்பாதைப் போட்டியில் பிரிட்டிஷ் வீரர் டாம் பிட்காக்குக்குப் பஞ்சர் ஆனதை வைத்துத்தான் கேட்கிறாய் என்று தெரிகிறது. இதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால் 2024 முழுவதையும் ஒரு சுற்று சுற்றிவர வேண்டியிருக்கும். எனக்கும் அதில்தான் ஆசை.

ஸ்லோவேனிய வீரர் ததேய் போகாச்சரை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடிதம் முழுக்க அவரே நிறைந்துவிடுவார். ஜீரோ டி இத்தாலியாவில் 6 கட்டங்கள் (ஒரு கட்டம் என்பது ஒரு நாள் ஓட்டம்), டூர் டி பிரான்ஸில் 6 கட்டங்கள், இரண்டிலும் பட்டம், செப்டம்பரில் ஜூரிக்கில் உலகப் பட்டம். ஒரே வருடத்தில் இந்த மூன்றையும் எடுத்த ஆண்கள் அவருக்கு முன் இரண்டே பேர்: 1974இல் எடி மெர்க்ஸ், 1987இல் ஸ்டீபன் ரோச். ஜூரிக்கில் 100 கி.மீ. மிச்சமிருக்கும்போதே பெருங்கூட்டத்தை விட்டுக் கிளம்பிவிட்டார். இதைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. நான் டயருக்கு வருகிறேன்.

பாரிஸ் அருகே எலான்கூர் குன்றில் மலைப்பாதைப் போட்டிக்குப் போட்ட தடம் முக்கால்வாசி உடைத்த சரளைக்கல். ஜூலை வெயிலில் காய்ந்து, கல்லுக்குக் கல் ஒட்டாமல் உருளும் தரை. இப்படிப்பட்ட தரையில் 2.4 அங்குல டயரில் 20 பிஎஸ்ஐ-யை (காற்றழுத்த அளவு) ஒட்டித்தான் காற்று இருக்கும். அதை 30 ஆக்கினால் டயர் கல்லின் மேல் படியாது, துள்ளும். துள்ளுகிற ஒவ்வொரு முறையும் மிதித்த பலம் மேலே போகிறதே தவிர முன்னே போவதில்லை. வளைவில் தரையைத் தொடும் பரப்பும் குறைந்து, முன்சக்கரம் வழுக்கும். காற்றைக் கூட்டுகிறவன் பஞ்சரைத் தவிர்க்கலாம். ஆனால் சுற்றுக்குச் சில விநாடி இழப்பான், எட்டுச் சுற்றில் பதக்கமே போய்விடும். குறைக்கிறவனுக்கு வேறு ஆபத்து: கூரான கல் டயரை ரிம்மோடு சேர்த்து நசுக்கும், ரப்பர் இரண்டு இடத்தில் வெட்டுப்படும். டியூப் இல்லாத டயருக்குள் ஊற்றும் அடைப்புப் பால் சிறு துளையை அடைத்துவிடும். டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் பால் வெளியே பீய்ச்சி அடிக்குமே தவிர அடைக்காது. அதே தடத்தில் பெண்கள் போட்டியில் நெதர்லாந்தின் பூக் பீட்டர்சேவுக்கும் பஞ்சர்.

பிட்காக்குக்கு முன்சக்கரம் போனது நடுப் பந்தயத்தில். இந்தப் போட்டியில் நினைத்த இடத்தில் நின்று சக்கரம் மாற்ற முடியாது. குறிப்பிட்ட உதவிப் பகுதி வரை காற்றில்லாத சக்கரத்தோடு உருட்டிக்கொண்டு வரவேண்டும். அங்கே நடப்பதைக் கவனித்துப் பார். முன்சக்கரத்தில் இப்போது இருப்பது பழைய நெம்புகோல் பூட்டு இல்லை. கவட்டையின் இரண்டு பக்கமும் ஊடுருவிப் போகும் திருகு அச்சு. அதைக் கழற்றி முழுசாக வெளியே இழுத்தால்தான் சக்கரம் இறங்கும். புதுச் சக்கரத்தை ஏற்றும்போது டிஸ்க் தகடு இரண்டு பிரேக் கட்டைகளுக்கு நடுவே நேராக நுழைய வேண்டும். அங்கே இடைவெளி ஒரு மயிரிழை. சக்கரம் இல்லாத நேரத்தில் பதற்றத்தில் யாராவது பிரேக் பிடியை அழுத்திவிட்டால் கட்டைகள் ஒட்டிக்கொள்ளும், அதைப் பிரித்துவிட்டுத்தான் மேற்கொண்டு வேலை. இதையெல்லாம் தாண்டி வெளியே வரும்போது முன்னணியோடு அரை நிமிடத்துக்கு மேல் இடைவெளி. அதை மிதித்தே பிடித்து, கடைசிச் சுற்றில் பிரான்ஸின் விக்டோர் கோரெட்ஸ்கியைத் தாண்டித் தங்கம் எடுத்தார். அந்தச் சில சுற்றுகளை வருடத்தின் மிகச் சிறந்த சைக்கிள் ஓட்டம் என்றே சொல்வேன்.

ஐந்து நாள் கழித்து, ஆண்கள் சாலைப் பந்தயத்தில் பெல்ஜியத்தின் ரெம்கோ எவனெபூலுக்கும் அதே கதை. 273 கி.மீ. ஓட்டத்தில் 4 கி.மீ.கூட மிச்சமில்லை, லூவ்ர் அருகே பஞ்சர். அவர் சக்கரத்தை மாற்றவில்லை, சைக்கிளையே மாற்றினார். அதே திருகு அச்சும் டிஸ்க் பிரேக்கும்தான் காரணம்: பின்னால் கார் வந்தால் சாலையில் முழுச் சைக்கிள்தான் சீக்கிரம். ஒலிம்பிக்கில் காதில் ரேடியோ கிடையாது. பின்னால் வருகிறவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று உறுதியாகத் தெரியாத பதற்றம் முகத்தில் அப்படியே தெரிந்தது. கடைசியில் வித்தியாசம் 1 நிமிடம் 11 விநாடி. ஒரு வாரம் முன்பு மழையில் 32.4 கி.மீ. நேர ஓட்டத் (ஒவ்வொருவரும் தனியாக, கடிகாரத்துக்கு எதிராக ஓட்டுவது) தங்கமும் அவருக்கே. ஒரே ஒலிம்பிக்கில் இந்த இரண்டையும் எடுத்த முதல் ஆண் அவர்தான்.

காற்றுக் கணக்கில் எனக்கு மிகப் பிடித்தவர் நெதர்லாந்தின் மத்தியூ வான் டெர் பூல். பிப்ரவரியில் செக் நாட்டின் தாபோரில் சைக்ளோகிராஸ் (சேறும் புல்லும் நிறைந்த தடத்தில் ஓட்டும் பந்தயம்) உலகப் பட்டம், அவருக்கு ஆறாவது. அதில் டயர் அகலம் 33 மி.மீ.க்கு மேல் கூடாது என்பது விதி. சேறு என்றால் காற்று 20 பிஎஸ்ஐ-க்குக் கீழே. அவ்வளவு குறைவில் சாதாரண டயர் வளைவில் ரிம்மை விட்டு விலகி ‘புஸ்’ என்று காற்றைக் கக்கிவிடும். அதனால்தான் ரிம்மில் பசை போட்டு ஒட்டும் டயரை அங்கே பலர் இன்னும் விடவில்லை. பஞ்சர் ஆனாலும் மாற்றுச் சைக்கிள் வைத்திருக்கும் இடம்வரை அது கழன்றுவிடாமல் வரும். ஏப்ரலில் பாரி-ரூபே சாலைப் பந்தயம்: 29 கல்பாவிய பகுதிகள், மொத்தம் 55.7 கி.மீ. கல். அங்கே ஏறத்தாழ அதே அகல டயர், ஆனால் காற்று 4 பார் (ஏறத்தாழ 58 பிஎஸ்ஐ) பக்கம், அதாவது சேற்றில் வைப்பதைப் போல இரண்டரை மூன்று மடங்கு. கல்லின் விளிம்பில் வேகமாக மோதினால் கார்பன் ரிம் உடைந்துவிடும் என்ற பயம்தான். கடைசி 60 கி.மீ. தனியாகப் போய் வென்றார். அக்டோபரில் பெல்ஜியத்தின் லூவனில் கிராவல் (சரளைப் பாதை) உலகப் பட்டமும் அவருக்கே. மூன்று தரை, மூன்று அழுத்தம், ஒரே ஆள்.

இதற்கு நேரெதிர் வெலோட்ரோம், அதாவது சைக்கிள் பந்தயத்துக்கான வட்ட அரங்கு. மரப்பலகை கண்ணாடிபோல் இருக்கும், டயர் ஒல்லி, காற்று 10 பாருக்கும் மேலே. துள்ள மேடு பள்ளம் இல்லாததால் அங்கே இறுக்கமே லாபம். பாரிஸ் ஒலிம்பிக்கில் நால்வர் சேர்ந்து ஓட்டும் போட்டியில் ஆஸ்திரேலிய ஆண்கள் குழு 4 கி.மீ.யை 3:40.730இல் ஓட்டி உலகச் சாதனை செய்தது; நின்ற நிலையிலிருந்து கிளம்பி மணிக்கு 65 கி.மீ.க்கு மேல் சராசரி! இதில் நேரம் பார்ப்பது மூன்றாவது ஆளின் முன்சக்கரத்தை வைத்து. நான்கில் ஒருவர் உதிரலாம், இரண்டு பேர் உதிரக் கூடாது. இறுதிப் போட்டியில் பிரிட்டனின் ஒரு வீரர் முடிவுக்கு அருகில் சீட் முனையிலிருந்து நழுவினார். காற்றைக் கிழிக்க இடுப்பை முன்னால் தள்ளி, சீட்டின் நுனியில் உட்காருவதன் விளைவு. கைகள் நீட்டிய கம்பியில் இருப்பதால் சட்டென்று தாங்க முடியாது, பெடலும் சக்கரத்தோடு சுற்றிக்கொண்டே இருக்கும், மிதிக்காமல் விட வழியில்லை. அவர் விழாமல் சமாளித்ததே பெரிது.

பெண்கள் டூர் டி பிரான்ஸை நீ முழுசாகப் பார்க்கவில்லை என்று எழுதியிருந்தாய். பெரிய நஷ்டம். ஐந்தாம் கட்டத்தில் மஞ்சள் சட்டையில், அதாவது மொத்த நேரத்தில் முதலிடத்தில், இருந்த நெதர்லாந்தின் டெமி வொல்லரிங் முடிவுக்குச் சுமார் 6 கி.மீ. முன்பு விழுந்தார். கடைசி 3 கி.மீ.க்குள் விழுந்திருந்தால் கூட வந்த கூட்டத்தின் நேரமே கிடைத்திருக்கும். வெளியே விழுந்ததால் ஒரு நிமிடத்துக்கு மேல் போயிற்று. அதே நாளில் அவருடைய அணித் தோழி பிளாங்கா வாஸ் கட்டத்தை வென்றார். கடைசி நாள் வொல்லரிங் க்ளாண்டன் கணவாயிலேயே தாக்கி, ஆல்ப் தூஏஸ் உச்சியில் முதலாவதாக வந்து, அதற்கான 10 விநாடிச் சலுகையும் வாங்கினார். அப்படியும் போலந்தின் காசியா நியவியதோமா 4 விநாடி வித்தியாசத்தில் பட்டத்தை எடுத்தார். ஆண்கள் டூரில் மிகக் குறைந்த வித்தியாசமே 1989இல் 8 விநாடி.

ஜூரிக்கைப் பற்றி இன்னொன்றும் எழுதாமல் முடிக்க மனம் வரவில்லை. அங்கே ஜூனியர் பெண்கள் பந்தயத்தில் விழுந்த 18 வயது முரியெல் ஃபுரர் மறுநாள் இறந்துபோனாள். ஒலிம்பிக்கில் ரேடியோ இல்லாததை எவனெபூல் விஷயத்தில் சுவையாகச் சொல்லிவிட்டேன்; ஜூரிக்கிலும் வீரர்களுக்கு ரேடியோ இல்லை. ஆனால் காட்டு வளைவில் ஒருவர் காணாமல் போனால் உடனே தெரிய வேண்டும். உத்தி பேசும் ரேடியோ வேண்டாம், இடம் காட்டும் சிறு கருவி ஒவ்வொரு சைக்கிளிலும் இருந்தே ஆகவேண்டும். இதில் உனக்கு மாற்றுக் கருத்து இருந்தால் எழுது.

அன்புடன்,
உன் நண்பன்